பதின்மூன்று ஒயர்களும் ஒரு மச்சானும்

மதராஸிலிருந்து ரயில் பார்சலில் வந்த புது ஒயரிங் செட்டை, நான் குடியிருந்த வீட்டின் அம்மாள் மஞ்சள் தண்ணீரில் முக்கியெடுத்துக் கொடியில் காயப்போட்டது ஒரு வெள்ளிக்கிழமை காலை, எட்டுக்கும் எட்டரைக்கும் நடுவில். நான் மாடி அறையில் உட்கார்ந்து குடிதண்ணீர்க் குழாய் பற்றி அரைப் பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். திருச்சியில் அச்சாகும் ஒரு தமிழ்த் தினசரிக்கு நான் புதுக்கோட்டை நிருபர். சமஸ்தானம் போய், ஊர் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. செய்தி என்று சொல்லும்படி பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. கீழே முற்றத்தில் நடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தடுக்கவில்லை. ஒரு பெண்மணி மஞ்சள் தண்ணீரில் எதையோ முக்குவது தடுக்க வேண்டிய காரியம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வீடு திருக்கோகர்ணத்தில். கீழ்க்கட்டில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும் மட்டும். ஒரே மகளை ஆவுடையார்கோவில் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வீட்டுக்காரர் டாக்சி ஓட்டினார். கார், யுத்தத்துக்கு முந்திய இங்கிலீஷ் கார். சமஸ்தான காலத்தில் ஒரு அதிகாரியிடம் இருந்தது. அவருக்கு டிரைவர் இவர்தான். ஊரைவிட்டுப் போகும்போது அதிகாரி காரை இவரிடமே கொடுத்துவிட்டுப் போனார். மொத்தம் இருபது வருஷமாக அந்த ஒரு ஸ்டியரிங்கைத் தவிர இவர் வேறு எதையும் பிடித்ததில்லை.

காருக்குத் திரும்பும் விளக்கு கிடையாது. இரண்டு பக்கத் தூணிலும் ஒரு சாண் நீளத்துக்குக் கைகாட்டி ஒளிந்திருக்கும். சுவிட்சைத் தட்டினால் ரயில்வே கைகாட்டி போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கதவுப்பக்கம் சாய்ந்து நிற்கிறவர்கள் விலாவில் குத்து வாங்கியதுண்டு.

அந்த வருஷம் கடலை சீசனில் அவர் பின்சீட்டில் மூட்டை ஏற்றினார். மூட்டையோடு எலி ஏறியது. மூட்டை இறங்கியது, எலி இறங்கவில்லை. தின்னக் கடலை இல்லாததால் ஒயரைத் தின்றது. ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் டேஷ்போர்டிலிருந்து புகை வந்தது. உள்ளே இருந்த நோயாளி கதவைத் திறந்துகொண்டு ஓடினார். அவரால் நடக்க முடியாது என்று சொல்லித்தான் காரில் ஏற்றியிருந்தார்கள்.

ஒயர் முழுவதையும் மாற்றாமல் இனிக் கார் ஓடாது என்று ஆனது. அந்தச் சமயம் பார்த்து, வண்டி ஓடத் தகுதியானது என்று சர்க்கார் தரும் எப்.சி. முடிகிறது. திருச்சியிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் மாதம் ஒரு தடவைதான் வருவார்; அந்தத் தடவை திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. அன்று அவர் பார்த்துக் கையெழுத்துப் போடாவிட்டால் பெர்மிட் போய்விடும். பெர்மிட் போனால் என்ன ஆகும் என்பதையும் ஏற்கெனவே ஒருவர் தீர்மானித்து வைத்திருந்தார். வீட்டுக்கார அம்மாளின் அண்ணன். அறந்தாங்கியில் இரண்டு லாரி வைத்திருப்பவர். காரைத் தன் லாரி ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டு, வேறு டிரைவர் போட்டுக் கல்யாணங்களுக்கு ஓட்டுவது, தங்கை புருஷனைத் தன் லாரியில் கிளீனராக ஏற்றுவது என்பது அவர் திட்டம். அதை அவர் ரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை. பார்க்கிற ஒவ்வொரு தடவையும் சொன்னார்.

ஆகவே மதராஸில் ஒரு கடைக்கு எழுதி ஒயரிங் செட் வரவழைக்கப்பட்டது. காரைச் செய்தவர்கள் போட்ட ஒயர் அல்ல. அந்த அளவுக்குப் பார்த்து வெளியே தைத்து விற்கிற ரெடிமேட் செட். ஒயர் ஒவ்வொன்றின்மேலும் நூல் பின்னல். மொத்தத்தையும் நூலால் சேர்த்துச் சுற்றி, ஒரு தண்டும் பல கிளையுமாக இருந்தது. பிரித்துப் பார்த்து எண்ணினேன். பதின்மூன்று ஒயர், இருபத்தாறு நுனி. கூடவே ஒரு தாள், தட்டச்சு அடித்தது. பச்சையில் வெள்ளைக் கோடு போட்டது இடது கைகாட்டி, சிவப்பில் கறுப்புக் கோடு முன்விளக்கு என்று ஒவ்வொரு நிறமும் எங்கே போக வேண்டும் என்பது அதில் இருந்தது.

நான் கீழே இறங்கிப் போனபோது வீட்டுக்காரர் கொடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நூல் சாயம் வெந்நீரிலேயே இறங்கிவிட்டிருந்தது. அதன்மேல் மஞ்சள். பதின்மூன்று ஒயரும் புளியோதரை நிறத்தில் சொட்டிக்கொண்டிருந்தன.

"புதுத் துணிக்கு மஞ்சள் வைக்காம உடுத்துவாங்களா?" என்று அம்மாள் கேட்டார்.

"இது துணியாடி?"

"நூலு சுத்தியிருக்குல்ல. அப்பறம் என்ன? எவன் எவன் கை பட்டு வந்துச்சோன்னு வெந்நியில அலசினேன். நுனியில மட்டுந்தான் மஞ்சள் வைக்கலாம்னு பார்த்தேன். இருவத்தாறு நுனி இருக்கு. ஒவ்வொண்ணா வச்சா எப்ப முடியுறது? அதான் முக்கிட்டேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, பேப்பர்ல இதுக்கெல்லாம் ஏதும் வழி போட்டிருக்கா?"

போட்டதில்லை என்றேன்.

*

மறுநாள் காலை லைட்டுக்காரர் வந்தார். புதுக்கோட்டையில் அப்போது மோட்டார் ஒயரிங் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவர் மஞ்சள்காமாலையில் படுத்திருந்தார். லைட்டுக்காரர் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சீரியல் செட் கட்டுகிறவர். ஒயர் எங்கிருந்தாலும் ஒயர்தான் என்பது அவர் கட்சி. மஞ்சள் ஒயரைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை. "காய்ஞ்சிருச்சுல்ல, போதும்" என்றார்.

முற்றத்தில் செட்டை விரித்துப் போட்டார். டார்ச்சுக் கட்டை இரண்டு, ஒரு சின்ன பல்பு. இந்தக் கோடியில் ஒரு நுனியைத் தொட்டால் அந்தக் கோடியில் எந்த நுனியில் பல்பு எரிகிறதோ, இரண்டும் ஒரே ஒயர். ஒரு கோடியில் அவர், மறு கோடியில் வீட்டுக்காரர். "வருதா?" "வரலை." "இப்ப?" "வரலை." "இப்ப?" "வருது, வருது, விட்டுறாதே!" பதின்மூன்றையும் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது.

மீதி சுலபம் என்றார் லைட்டுக்காரர். எந்தக் கிளை காரில் எந்தப் பக்கம் போகும் என்பது நீளத்திலேயே தெரிகிறது. முன்னால் போகிற கிளையில் இரண்டு ஒயர், விளக்குக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று. எதை எதற்கு வைத்துக்கொண்டாலும் ஒன்றுதான். ஒரே ஒயரின் இரண்டு நுனியிலும் ஒரே பெயர் இருந்தால் போதும். ஆகவே சீட்டுக் கட்ட வேண்டும்.

"நம்பர் போட்டுருவோம்" என்றார் வீட்டுக்காரர்.

"வேண்டாண்ணே. ஆறும் ஒம்போதும் சீட்டு திரும்பிக்கிட்டா ஒண்ணாயிரும். எனக்கு நம்பர் நிக்காது. சொந்தக்காரங்க பேரா வைப்போம். அது மறக்காது."

அவரே வைத்தார். மகள் கல்யாணத்தில் மிஞ்சிய அழைப்பிதழ்களைத் துண்டு துண்டாக வெட்டி, பின்பக்கத்தில் எழுதுகிற வேலை எனக்கு வந்தது. என் கையெழுத்தை அச்சுக்கோப்பவர்களே படிக்கிறார்கள் என்பது காரணம்.

செட்டிலேயே தடித்த ஒயர் செல்ப் ஸ்டார்ட்டருக்கு. "தாய்மாமன்னு எழுதுங்க. அவரு வந்து நிக்காம எந்தக் காரியமும் ஆரம்பிக்காது. ஒரு தடவைதான் வருவாரு, வந்தா இருக்குறதை எல்லாம் இழுத்துருவாரு." பாட்டரி ஒயர் ஆத்தா, வீட்டிலேயே உட்கார்ந்து எல்லாருக்கும் கொடுப்பவள். டைனமோ மூத்த பிள்ளை. வெளியே ஓடிச் சம்பாதித்து ஆத்தாளிடம் கொடுக்கிறவன். இரண்டு கைகாட்டிகளும் பங்காளிகள், இடது பங்காளி, வலது பங்காளி. "ஒருத்தன் ஒரு பக்கம் நீட்டுனா இன்னொருத்தன் அந்தப் பக்கம் நீட்ட மாட்டான்." வைப்பர் மருமகள். பிரேக் விளக்கு சம்பந்தி. வண்டி நிற்கிறபோது மட்டும் முகம் சிவந்து தலைகாட்டுவார். பின்விளக்கு சித்தப்பா. முன்விளக்குக்கு வீட்டுக்காரர் தன் அக்கா பெயரைச் சொன்னார். "எங்க அக்காதான் எனக்கு எல்லாம்."

"ஹாரனுக்கு?" என்று கேட்டார் லைட்டுக்காரர்.

வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. "மச்சான்."

எழுதினேன். ஒவ்வொன்றும் இரண்டு சீட்டு, நூல் கோத்து இரண்டு நுனியிலும் கட்டினோம். எது எதற்கு என்று தனியாக ஒரு பட்டியலும் எழுதி லைட்டுக்காரர் கையில் கொடுத்தேன். பிறகு செட்டைக் காருக்குள் ஓட்டி, கிளைகளை அந்தந்த இடத்தில் தொங்கவிட்டார்கள். பூட்டுவது மட்டும் பாக்கி.

மத்தியானம் மச்சானே வந்தார். அறந்தாங்கி பஸ்ஸில் இறங்கி, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்பக்கம் தொங்கிய மஞ்சள் ஒயரை விரலால் நிமிண்டினார்.

"என்ன தங்கச்சி, வத்தல் பிழிஞ்சு வண்டியிலயா காயப்போட்டிருக்கே?"

"வாங்கண்ணே. கை கழுவுங்க, எலை போட்டாச்சு."

சாப்பிடும்போதும் விடவில்லை. "மாப்பிள்ளை, இந்த டப்பாவை நம்ம செட்டுக்கு விட்டுருங்க. மஞ்சளெல்லாம் வச்சாச்சு, கல்யாண ஓட்டத்துக்குத் தோதாத்தான் இருக்கும். நீங்க நம்ம லாரிக்கு வந்துருங்க. டிரைவர் சீட்டு இப்பக் காலி இல்லை. ஒரு ஆறு மாசம் இடப்பக்கம் உக்காருங்க. சக்கரத்துக்குக் கட்டை போடுறது, கயிறு கட்டுறது. ஒங்களுக்குத் தெரியாததா?"

"திங்கக்கிழமை பார்ப்போம் மச்சான்."

"பார்ப்போம். நானும் அன்னைக்கு லாரிக்கு எப்.சி. காட்டத்தான் வாரேன். நேரா அங்கிட்டுருந்தே கூட்டிக்கிட்டுப் போயிருறேன். துணிமணி எடுத்து வச்சிருங்க."

விருந்தாளியை வாசலோடு அனுப்பக் கூடாது என்பதால் வீட்டுக்காரர், லைட்டுக்காரர், நான் மூவரும் பஸ் வரைக்கும் போய் அனுப்பிவிட்டு வந்தோம். போக வர இருபத்தைந்து நிமிஷம். திரும்பி வந்து லைட்டுக்காரர் என் பட்டியலைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு சீட்டாகப் பூட்டினார். ஹாரன் பித்தான் உடைந்து போயிருந்ததால் வீட்டுக் காலிங் பெல்லுக்கு வைக்கிற பித்தானை ஸ்டியரிங் பக்கத்தில் பதித்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. கிளைகளை எல்லாம் டேப் சுற்றி, டேஷ்போர்டை மூடித் திருகாணி முடுக்கினார். பாட்டரி கீழராஜ வீதியில் சார்ஜில் கிடந்தது. திங்கட்கிழமை காலைதான் கிடைக்கும். "மாட்டுனா எரியும், சந்தேகமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, ஆவுடையார்கோவிலில் கட்ட வேண்டிய சீரியல் செட் பெட்டிகளோடு பஸ் ஏறிவிட்டார்.

*

திங்கட்கிழமை ஏழு மணிக்குப் பாட்டரி வந்தது. வீட்டுக்காரர் மாட்டினார். செல்ப்பைத் தட்டினார். தாய்மாமன் வந்தார், வண்டி உயிர் பிடித்தது. அவர் முகத்தில் பத்து நாளாக இல்லாத ஒரு களை வந்தது. முன்விளக்குக் குமிழை இழுத்தார்.

ஹாரன் அலறியது. குமிழ் இழுத்தபடி இருந்ததால் நிற்காமல் அலறியது. தெருவில் மூன்று வீட்டுக் கதவு திறந்தது. பதறிப்போய்க் குமிழை உள்ளே தள்ளினார். நின்றது. மெதுவாக ஹாரன் பித்தானை அழுத்தினார். பகல் வெளிச்சத்தில் முன்விளக்குகள் இரண்டும் எரிந்தன. விரலை எடுத்தார். அணைந்தன.

இடது கைகாட்டி சுவிட்சைத் தட்டினார். வைப்பர் காய்ந்த கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டு ஓடியது. வைப்பர் சுவிட்சைத் தட்டினார். இடது கைகாட்டி வெளியே வந்து, அங்கே சாய்ந்து நின்ற என் விலாவில் குத்தியது.

வாசலில் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். அவர் நின்ற விதத்தைப் பார்த்து வீட்டுக்காரர் இறங்கினார்.

"என்னத்தைத் தொட்டே?"

"நான் ஒயரைத் தொடலை."

"பின்னே?"

"சீட்டைத்தான் மாத்திக் கட்டினேன்."

மூன்றாம் வகுப்பு வரை படித்தவர் அவர். நாங்கள் மச்சானை பஸ் ஏற்றப் போயிருந்தபோது, தொங்கிய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறார். ஹாரனுக்குப் பக்கத்தில் மச்சான்.

"எங்க அண்ணன் கத்துறவரா? எங்க அண்ணனை ஹாரனுக்கு வச்சுட்டு ஒங்க அக்காளை விளக்குக்கு வச்சிருக்கீங்க. அதான் அந்தச் சீட்டை இங்கிட்டும் இந்தச் சீட்டை அங்கிட்டுமா கட்டினேன். மருமகளை மழையில தண்ணி துடைக்க விட்டிருக்கீங்க; அவளை இடது பங்காளி எடத்துக்கு மாத்தினேன். சம்பந்தி வீட்டைக் கொண்டுபோய்க் கடைசியில, அதுவும் நின்னாத்தான் எரியுற எடத்துல. அவங்க காதுக்குப் போனா நம்ம பிள்ளை அங்கே வாழ வேணாமா? சித்தப்பாவை அங்கே வச்சேன். அவரு ஒண்ணும் நினைக்க மாட்டாரு."

அவர் நினைத்தது, மச்சான் சீட்டை விளக்குப் பக்கம் கிடந்த ஒயரில் கட்டினால் அண்ணன் விளக்காகிவிடுவார் என்று. லைட்டுக்காரரோ சீட்டு எங்கே தொங்குகிறது என்று பார்க்கவில்லை. பட்டியலில் ஹாரன் என்றால் மச்சான். மச்சான் சீட்டுக் கட்டிய ஒயரை இழுத்து ஹாரனிலேயே பூட்டிவிட்டார். அண்ணன் ஹாரனாகவே இருந்தார். மறுநுனிச் சீட்டுகளை அம்மாள் தொடாததால் ஒயர் மட்டும் மாறிவிட்டது.

பிரித்துத் திரும்பப் பூட்ட நேரம் இல்லை. பூட்டியவர் ஆவுடையார்கோவிலில் இருந்தார். மணி ஏழே முக்கால்.

வீட்டுக்காரர் காரைச் சுற்றி வந்தார். "எல்லாம் வேலை செய்யுதுல்ல, தம்பி?" என்றார்.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் வேலை செய்தது. பிரேக்கை மிதித்தால் எரிந்தது பிரேக் விளக்கல்ல, பின்விளக்கு. இரண்டும் சிவப்பு. பின்னால் நிற்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

"அப்ப நான்தான் மாறணும்."

வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி ஒன்றேகால் மணி நேரம் பழகினார். அம்மாள் முன்னால் நின்று கூப்பிட்டார். "ஹாரன்!" இருபது வருஷமாகப் பித்தானுக்குப் போன கை பித்தானுக்கே போனது. "அதுல்லங்க! எங்க அண்ணன் குமிழ்ல இருக்காரு!" "லைட்டு!" "அய்யோ, அக்கா பித்தானு, பித்தானு!" ஒன்பது மணிவாக்கில் அவர் பத்துக்கு எட்டுத் தடவை சரியாகச் செய்தார். நான் ஒரு பக்கம் குறித்துக்கொண்டு வந்தேன்.

கிளம்பும்போது அம்மாளும் பின்சீட்டில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "நான் பண்ணினது. நானும் வாரேன்."

*

மைதானத்தில் இரண்டு பஸ், மச்சானின் லாரி, நாங்கள். இன்ஸ்பெக்டர் ஒல்லியானவர், கையில் குடையும் கெட்டி அட்டையில் செருகிய அச்சிட்ட பாரமும். சிரிக்கிறவராகத் தெரியவில்லை. மச்சான் லாரிப் படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "துணிமணி எடுத்துட்டு வந்தாச்சா மாப்பிள்ளை?" என்றார்.

எங்கள் முறை வந்தது. இன்ஸ்பெக்டர் காருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"ஹெட்லைட்."

வீட்டுக்காரர் கை விளக்குக் குமிழை நோக்கிப் புறப்பட்டது. பின்சீட்டிலிருந்து அம்மாள் மெல்லிய குரலில், "அக்கா... பித்தானு" என்றார். கை திரும்பியது. விளக்கு எரிந்தது.

"ஹாரன்."

"அண்ணன்."

குமிழை இழுத்துத் தள்ளினார். ஒலித்தது.

"லெப்ட்."

"மருமக எடம்."

கைகாட்டி வந்தது. இன்ஸ்பெக்டர் பாரத்தில் டிக் போட்டுக்கொண்டே, "யாரும்மா மருமக? நம்ம வேலை முடியட்டும், அப்பறமா வீட்டுக் கதை பேசலாம்" என்றார். வைப்பர் ஆனது. பின்னால் போனார். பிரேக்கை மிதிக்கச் சொன்னார். சித்தப்பா சிவப்பாக எரிந்தார். டிக்.

எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் இன்ஸ்பெக்டர் முன்கதவைத் திறந்து டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "ஒரு சுத்துப் போங்க. பிரேக் பார்க்கணும்."

மைதானத்தைத் தாண்டி ரோட்டுக்கு ஏறினோம். இருபது கஜம் போயிருப்போம். இடது பக்கத்திலிருந்து ஆட்டுக்கூட்டம் ஏறி வந்தது. முப்பது ஆடு இருக்கும். இன்ஸ்பெக்டர், "ஹாரன் அடிங்க, ஹாரன்!" என்றார்.

பழகியது எல்லாம் போய்விட்டது. வீட்டுக்காரர் பித்தானை அழுத்தினார். ஆடுகள் மீது வெளிச்சம் விழுந்தது. இன்னும் பலமாக அழுத்தினார். ஆடுகள் நின்று வெளிச்சத்தைப் பார்த்தன. பிரேக்கை மிதித்து, குமிழை முழுவதுமாக இழுத்தார். ஹாரன் அலறியது, ஆடுகள் சிதறின, வண்டி நின்றது, பதற்றத்தில் கை எதிலோ பட்டு வைப்பர் ஓடத் தொடங்கியது.

வீட்டுக்காரர் வைப்பரை நிறுத்தும்வரை இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். பிறகு கையை நீட்டித் தானே பித்தானை அழுத்தினார். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். குமிழை இழுத்தார், ஒரு நொடி கேட்டுவிட்டுத் தள்ளினார்.

"என்னங்க இது?"

வீட்டுக்காரர் பொய் சொல்லத் தெரியாதவர். எலியிலிருந்து ஆரம்பித்தார். மஞ்சள் தண்ணீர், சீட்டு, மச்சான், எல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில், "பெர்மிட் போச்சுன்னா நான் கிளீனருங்க" என்றார்.

"அந்தப் பட்டியல் இருக்கா?"

என் சட்டைப்பையில் ஒரு நகல் இருந்தது. கொடுத்தேன். மைதானத்துக்கு வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டு, வழி முழுக்க அதைப் படித்துக்கொண்டு வந்தார். இறங்கி, வண்டியின் மேல் குடையைச் சாத்திவிட்டு, இன்னொரு தடவை படித்தார். மச்சான் லாரிப் படியிலிருந்து எழுந்து பக்கத்தில் வந்து நின்றார்.

"தாய்மாமன் செல்ப்பா?"

"ஆமாங்க. அவரு இல்லாம ஒண்ணும் ஆரம்பிக்காதுங்க."

"சம்பந்தி பிரேக் லைட்டு." தலையை ஆட்டிக்கொண்டார். "ஹாரன் யாரு? மச்சானா?"

"ஆமாங்க."

"ஹாரனா?" என்றார் மச்சான்.

யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. இன்ஸ்பெக்டர் பட்டியலை மடித்தார். "நான் இந்த ஜில்லா முழுக்க வண்டி பார்த்திருக்கேன். ஒயரிங்கை இவ்வளவு யோசிச்சு யாரும் பண்ணினதில்லை." அவர் முகம் மாறவில்லை. பாராட்டா, பரிகாசமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு பாரத்தை எடுத்துக் கவனமாகப் படித்தார். ஹாரன் ஒலிக்கிறதா என்று அதில் கேட்டிருந்தது. எந்தக் குமிழை இழுத்தால் ஒலிக்கிறது என்று கேட்கவில்லை. விளக்கு எரிகிறதா என்று இருந்தது. கைகாட்டி வருகிறதா என்று இருந்தது. இல்லாத கேள்விக்குப் பதில் எழுத அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் கீழே குறிப்புக்கு மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள். அதில் ஆங்கிலத்தில் எழுதினார். இந்த வண்டியின் சுவிட்சுகள் வழக்கத்துக்கு மாறானவை. ஆகவே இதன் உரிமையாளரைத் தவிர வேறு எவரும் இதை ஓட்டக் கூடாது. கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி நீட்டினார்.

"என்ன எழுதியிருக்கு தம்பி?" என்று வீட்டுக்காரர் கேட்டார். தமிழில் சொன்னேன். மச்சானுக்கும் கேட்கும்படி சொன்னேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"அப்ப நான் மட்டுந்தானா?"

"நீங்க மட்டும்தான்."

மச்சான் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். வண்டியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "என்னை ஹாரன்லயா மாப்பிள்ளை வச்சீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"நான் விளக்குலதாண்ணே வச்சேன்" என்றார் அம்மாள் பின்சீட்டிலிருந்து.

*

அடுத்த மழைக்காலத்தில் வீட்டுக்காரர் காய்ச்சலில் படுத்தபோது, மச்சான் ஒரு டிரைவரோடு வந்தார். ஒரே ஒரு கல்யாண ஓட்டம், குறிப்பை யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். டிரைவர் வண்டியை எடுத்தார். தெருமுனை போவதற்குள் தூறல் விழுந்தது. அவர் வைப்பரைப் போட, இடது கைகாட்டி நீட்டிக்கொண்டது. எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் கார் திரும்பப்போகிறது என்று நம்பி, அதன் குறுக்கே வண்டியைத் திருப்பினார். யாருக்கும் அடியில்லை. டிரைவர் இறங்கி, சாவியை ஓடி வந்த என்னிடம் கொடுத்துவிட்டு, மழையில் நடந்தே போய்விட்டார். அதற்குப் பிறகு மச்சான் காரைக் கேட்கவில்லை.

லைட்டுக்காரர் ஒயரைச் சரியாக மாற்றித் தருகிறேன் என்று இரண்டு தடவை வந்தார். மாற்றினால் இன்ஸ்பெக்டர் குறிப்புக்குக் காரணம் இல்லாமல் போய்விடும் என்று வீட்டுக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். வேறொரு காரணமும் இருந்தது. அது மைதானத்திலிருந்து வீடு திரும்பிய அன்றே ஆரம்பித்தது. திருக்கோகர்ணம் குளத்து வளைவில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது; அவர் குமிழை இழுத்தார்; ஹாரன் ஒலித்தது.

"கேட்டீங்களா, ஒங்க அக்கா" என்றார் அம்மாள்.

"அது ஒங்க அண்ணன்."

"குமிழ்ல கட்டியிருக்குற சீட்டு ஒங்க அக்காது."

"ஹாரன்ல கட்டியிருக்குறது ஒங்க அண்ணன்து."

சீட்டு எழுதியவன் என்பதால் என்னைக் கேட்டார்கள். ஒயரின் இந்த நுனி அக்கா, அந்த நுனி மச்சான், இரண்டும் உண்மை என்றேன். அந்தப் பதில் இருவருக்கும் பிடிக்கவில்லை. அன்று சாயந்தரம் எனக்குக் காப்பி வரவில்லை.

மூன்று வருஷம் கழித்து எனக்கு மதுரைக்கு மாற்றல் வந்தது. அதே காரில்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். வழியனுப்ப அம்மாளும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். பாதி வழியில் ஒரு மாடு ரோட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்காரர் தேடாமல், தடுமாறாமல் விளக்குக் குமிழை இழுத்தார்.

"அக்கா" என்றார் அம்மாள்.

"மச்சான்" என்றார் அவர்.

மாடு நகர்ந்துவிட்டது.